திரும்பிப் பார்க்காத எதிரி

வீடியோ கேமில் வருகிற எதிரிகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து பேர் வாளோடு நிற்பார்கள். கதாநாயகன் ஒருத்தன். ஐந்து பேரும் சேர்ந்து பாய்ந்தால் கதை அங்கேயே முடிந்தது. பாய மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சலூனில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல, ஒருத்தன் எழுந்த பிறகுதான் அடுத்தவன் வருவான். வந்து அடி வாங்கிச் சாவான். அதுவரைக்கும் மற்ற நாலு பேரும் வாளை ஆட்டிக்கொண்டு சும்மா சுற்றிச் சுற்றி வருவார்கள். எதிரியின் ஏஐ புதிதாக எழுதப்பட்டிருக்கிறது, தானாகவே யோசிக்கும் என்று விளம்பரம் வேறு. என்னத்தை யோசிக்கிறது? எங்கள் தெரு நாய்கள் நாலு சேர்ந்தால் இதைவிட ஒழுங்காகச் சுற்றி வளைக்கும்.

இந்த வயிற்றெரிச்சலைத்தான் வாராவாரம் என் சேனலில் லைவாகக் கொட்டுகிறேன். மற்ற நாட்களில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலை. கன்டெய்னர் வரும், அதற்குக் கஸ்டம்ஸ் காகிதம் போட வேண்டும், காகிதத்தில் ஒரு எழுத்து மாறினால் நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, மில்லர்புரத்து மாடி வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தால் நான் வேறு ஆள். இன்னும் கடைக்கு வராத ரோல் பிளேயிங் கேம்களின் காட்சிகளைக் கம்பெனிகள் முன்கூட்டியே வெளியிடும். மற்ற சேனல்காரர்கள் படம் எவ்வளவு அழகு, கதை என்ன, எப்போது வெளியாகும் என்று பேசுவார்கள். எனக்கு இரண்டே கேள்விதான். எதிரிக்கு மூளை இருக்கிறதா? சண்டை சண்டையாக இருக்கிறதா?

எனக்கென்று ஒரு விதி உண்டு. எந்த வீடியோவையும் முதல் தடவை லைவில்தான் பார்ப்பேன். தனியாகப் பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் மைக் முன்னால் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட எனக்கு வராது. என் சேனலுக்கு வருகிறவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் முன்னாலேயே பார்த்துவிட்டு வந்து, நான் எந்த இடத்தில் திட்டப்போகிறேன் என்று காத்திருப்பார்கள். எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. ஐம்பது வயதுக்காரர்கூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார், எனக்கு நாற்பத்திரண்டுதான் ஆகிறது.

என் அக்காள் மகள் சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எதிரிகள் எப்படி நடக்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று எழுதுவதுதான் அவள் வேலை. நான் வாரம் தவறாமல் யாரைத் திட்டுகிறேனோ அந்தச் சாதி. அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அவள் வேலையைப் பற்றி நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ஊருக்கு வந்தால் மீன் குழம்பைப் பற்றிப் பேசுவோம்.

அந்த ஒப்பந்தத்தை அவளே ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உடைத்தாள். நான் ஆபீசில் இருந்தேன். போனில் நலம் கூட விசாரிக்கவில்லை.

"மாமா, வெள்ளிக்கிழமை எங்க வீடியோ வருது. ஞாயித்துக்கிழமை நீங்க அதத்தான் எடுப்பீங்க."

எடுப்பேன், நன்றாக இல்லையென்றால் கிழித்துத் தொங்கவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்றேன்.

"கிழிங்க. அதுக்குத்தான் போன் பண்ணுதேன். அதுல ஒரு எதிரி என்னோடது. ஒரு வருஷமா அவன் ஒருத்தனத்தான் செஞ்சேன். இங்க யாருக்கும் அவன் மேல நம்பிக்கையில்ல. திங்கக்கிழமை மீட்டிங்ல அவன வச்சிக்கிடலாமா தூக்கிரலாமான்னு முடிவு பண்ணப்போறாங்க. எவன்னு சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்கக்கூடாது."

எப்போதும் என்னைச் சீண்டிப் பேசுகிற பெண். அன்றைக்குக் குரலில் சிரிப்பே இல்லை. சரி ஏளா என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் கையில் இருந்த காகிதத்தில் என்ன பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என் அக்காளைக் கட்டிய மச்சான் திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். முத்துக் குளிப்பதெல்லாம் நாங்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிற்று, சங்கு மட்டும் மிச்சம். வள்ளத்தில் ஒரு கம்ப்ரெசர் ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் கீழே போகும். அதை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கயிற்றையும் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக் குமிழியையே பார்த்தபடி வள்ளத்தில் ஒருத்தன் நிற்க வேண்டும், குமிழி நின்றால் இழுக்க வேண்டும். எங்கள் கரையில் அது பெரும்பாலும் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருப்பான். வேறு யாராவது அசந்து போகலாம், தன் அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பது கணக்கு. அப்படித்தான் நானும் பல வருஷம் மச்சானுக்குக் கயிறு பிடித்தேன். அவர் காது போய், இறங்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த ஆபீஸ் வேலைக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. நான் பார்க்கவில்லை. ஆனால் காதை மூடிக்கொள்ள முடியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாறை, பொம்மை, பக் என்று மட்டும் கண்ணில் பட்டது. பக் என்றால் நிரலில் பிழை, எதிரி கிறுக்குப் பிடித்தது மாதிரி நடந்துகொள்வது. அவ்வளவோடு போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அது அவளுடைய ஆளாக இருக்கக்கூடாது என்று சனிக்கிழமை முழுக்க வேண்டிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லைவ் ஆரம்பித்ததும் முதல் வேலையாக உண்மையைச் சொன்னேன். இந்தக் கம்பெனியில் என் வீட்டுப் பிள்ளை ஒன்று வேலை பார்க்கிறது, எதைச் செய்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் பேச்சு ஒன்றுதான். அப்படியானால் இன்றைக்குப் பூமாலைதான் என்று கமெண்டில் கிண்டல் வந்து குவிந்தது. வீடியோவை ஓட விட்டேன்.

ஒரு கடற்கரை. வலது ஓரத்தில் பாறைகள், அதைத் தாண்டித் தண்ணீர். கதாநாயகி ஒருத்தி கவசம் போட்டு வருகிறாள், மூன்று பேர் மறிக்கிறார்கள். வந்த வேகத்திலேயே ஒருத்தன் மண்ணை அள்ளி அவள் கண்ணில் போட்டான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது ஆள் அவளுக்குப் பின்பக்கமாக நகர்ந்தான். மூன்றாவது ஆள் பயந்து ஓடுவது போல ஈர மணலுக்கு ஓடி, அவளை அங்கே இழுத்தான். கால் புதைகிற இடம். பரவாயில்லையே, சலூன்காரர்கள் இல்லை இவர்கள் என்று சொன்னேன். மனதுக்குள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இவனா அவளுடைய ஆள்? மண் போட்டவனா? இவனாக இருந்தால் பிழைத்தாள்.

அதற்கப்புறம் நான் பேசவில்லை. பேசாமல் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தபோதுதான், சண்டையின் உச்சத்தில் என் பக்கம் ஊமையாகக் கிடந்ததைக் கண்டேன். திரையின் வலது ஓரத்தில், பாறையைத் தாண்டி, தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது. அலை அடித்து வருகிற நுரை இல்லை. ஒரு கொத்து வரும், நிற்கும், மறுபடி ஒரு கொத்து வரும். உள்ளே ஒருத்தன் மூச்சு விடுகிறான். நடுத்திரையில் வாளும் வாளும் மோதுகின்றன, தீப்பொறி பறக்கிறது, ஆயிரம் பேர் அதற்காக வேலை பார்த்திருப்பார்கள், என் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. கொத்து வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வரவேண்டிய அடுத்த கொத்து வரவில்லை.

"இழு," என்று சொல்லியிருக்கிறேன், மைக்கில். "இழுலே, என்ன பாத்துக்கிட்டு இருக்க, இழு."

தண்ணீர் கிழிந்தது. ஈட்டியோடு ஒருத்தன் எழும்பி, அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் கரையேறினான். அவள் விழுந்தாள்.

கமெண்டில் ஒரே சிரிப்பு. அண்ணாச்சிக்கு வெயில் ஏறிவிட்டது, யாரை இழுக்கச் சொல்கிறார் என்று கேட்டார்கள். ஈட்டிக்காரன் எங்கிருந்தோ திடீரென்று குதிக்கிறான், இது போங்கு என்று சிலர். அவன் திடீரென்று வரவில்லையே, அவ்வளவு நேரமும் அங்கேதானே இருந்தான் என்று எனக்குக் குழப்பம். அப்போது ஒரு பையன் எழுதினான், அதையெல்லாம் விடுங்கள் அண்ணாச்சி, பாறை மேல் ஒரு பொம்மை நிற்கிறானே, அவனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று.

எந்தப் பொம்மை? எந்தப் பாறை? நான் பாறையில் யாரையும் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். ஊரே மூன்று நாளாக அவனை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது, எதிரிகளை எடை போடுகிற அண்ணாச்சி எதிரியையே பார்க்கவில்லையாம்.

வீடியோவை முதலிலிருந்து ஓட விட்டேன். இருந்தான். தொடக்கத்திலிருந்தே பாறை மேல் நின்றுகொண்டிருந்தான், சண்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் பெண் ஒரு கட்டத்தில் அவனிடம் ஓடிப்போய் வாளால் வெட்டுகிறாள். அவன் திரும்பவில்லை. மறுபடி வெட்டுகிறாள். தோள் மட்டும் குலுங்குகிறது. தலைக்கு மேலே அவன் உயிரைக் காட்டுகிற சிவப்புக் கோடு குறைந்து குறைந்து நூலளவுக்கு வந்து அப்படியே நிற்கிறது. எவ்வளவு வெட்டினாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. இதைத்தான் பக் என்று சிரித்தார்கள். ஏஐ செத்துப்போயிற்று, ஆள் சாகவில்லை என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

நான் நிறுத்திப் பெரிதாக்கினேன். இடது கால் அரை அடி முன்னால். முழங்கால் விறைக்காமல், அலைக்குத் தோதாக லேசாக மடங்கியிருந்தது, பாறையில் நிற்கிறவனுக்கு அது தேவையே இல்லை. கையில் கயிறு. முஷ்டியாக மூடிப் பிடிக்கவில்லை, ஆள்காட்டி விரலின் மேல் ஓட விட்டிருந்தான். இறுக்கிப் பிடித்தால் கீழே இருக்கிறவன் சொல்வது கைக்குத் தெரியாது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கத்தில் ஓரமாகத் தெரிந்த உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கயிறு பிடிக்கும்போது வாய்க்குள்ளேயே "வா மச்சான், வா மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன், வள்ளத்தில் இருக்கிற மற்றவர்கள் அதற்காக என்னை ஓட்டுவார்கள்.

என் முதுகை நான் பார்த்ததில்லை. யாருக்குத்தான் தன் முதுகு தெரியும்? ஆனால் அது நான். முழு உலகமும் பார்க்கிற ஒரு படத்தில், முகம் தெரியாத எவனோ ஒருத்தனுக்குள்ளே, என் கால், என் விரல், என் கழுத்து. முதல் தடவை நான் ஏன் அவனைப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தானோ அதையே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன்.

"இவன் கெட்டுப்போகல. இவன் கைல ஒரு உயிர் இருக்கு, அதான் திரும்பல. கயிறு எங்க போகுதுன்னு பாருங்க. தண்ணிக்குள்ள போகுது. குமிழி நின்ன ஒடனே இவன் கை என்ன செய்யிதுன்னு பாருங்க."

பின்னால் ஓட்டிக் காட்டினேன். குமிழி நின்றதும் அவன் இரண்டு கையாலும் கயிற்றை வாரி வாரி இழுத்தான். நான் "இழு" என்று கத்திய அதே இடம். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். சிலர் தாங்களே போய் வீடியோவைத் திரும்பப் பார்த்துவிட்டு வந்து, குமிழி முதல் நொடியிலிருந்தே இருக்கிறது அண்ணாச்சி என்றார்கள். கீழக்கரைப் பக்கத்திலிருந்து பார்க்கிற ஒருத்தர், எங்க வாப்பாவுக்கு எங்க மாமா இப்படித்தான் நிற்பாங்க அண்ணாச்சி என்று எழுதினார்.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு குறை என் கண்ணில் பட்டுவிட்டது. சொன்னால் திங்கட்கிழமை அவளுக்கு எதிராகப் போகுமோ என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அப்புறம் நான் எதற்கு இந்த நாற்காலியில் உட்கார வேண்டும்? அவளும் பொய்ப் புகழ்ச்சியைக் கேட்கவில்லை. அதனால் சொன்னேன். ஈட்டிக்காரன் மேலே வந்ததும் இந்த ஆள் கயிற்றைப் போட்டுவிட்டு நேரே வாளை எடுக்கிறான். தப்பு. வந்தவன் மூஞ்சியைத்தான் முதலில் பார்ப்பான், கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கிலோ காதிலோ ரத்தம் வருகிறதா என்று. சண்டையெல்லாம் அதற்கப்புறம். இரண்டாவது, அந்தச் சிவப்புக் கோடு. வெட்டினால் சாகாத எதிரி ஆடுகிறவனை ஏமாற்றுகிறான். அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை, தெரிகிற வரைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சாயங்காலம் திரேஸ்புரத்துக்குப் போனேன். அக்காள் போனை வாங்கி, அந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்தாள். என் முகத்தையும் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மச்சானுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, அவருக்குச் சத்தம் தேவைப்படவில்லை. பாறை மேல் நிற்பவனை வெகுநேரம் பார்த்தார்.

"நா மேல வரும்போது மொதல்ல தெரிஞ்சது உன் மூஞ்சிதான்," என்றார். "இங்கன மவ முதுகத்தான காட்டுதா. மூஞ்சியும் நல்லாத்தான் இருக்கும்ல."

மச்சான் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பேச்சை மாற்ற, நெத்திலி என்ன விலை என்று கேட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி மூன்றைத் தாண்டியபோது கூப்பிட்டாள்.

"வச்சிட்டாங்க மாமா."

சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தேன். அவளே சொன்னாள். மீட்டிங்கில் என் லைவைப் போட்டுக் காட்டவில்லையாம், சொந்தக்காரர் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்களாம். ஆனால் லைவைக் கேட்டவர்கள் திரும்பப் போய்ப் பார்த்து எழுதியதையெல்லாம் படித்தார்களாம். மூஞ்சியைப் பார்க்கிற விஷயத்தை அவளே எழுந்து சொல்லி, சேர்க்க அனுமதியும் வாங்கிவிட்டாள். அது எப்படி எனக்கு விட்டுப்போச்சு மாமா, நான் உங்கள் பின்பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

எப்போது உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன்.

அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது, கடல் குளம் மாதிரி கிடந்த ஒரு நாள், அழுது அடம்பிடித்து வள்ளத்தில் ஏறிவிட்டாள். பெண் பிள்ளையை ஏற்றுவதா என்று கரையில் எல்லோரும் ஏசினார்கள். அது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்குத் தண்ணீர் கலங்கல், குமிழியைக் கண்டுபிடிக்கவே சிரமப்பட்டேன், அதுவும் நினைவிருக்கிறது. அவள் சொன்னது வேறு. வாந்தி எடுத்தாளாம். தண்ணீர் கேட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். நான் திரும்பவில்லையாம். கோபத்தில் இரண்டு கையாலும் என் முதுகில் குத்து குத்து என்று குத்தினாளாம், அழுது அழுது ஓயும் வரைக்கும்.

எனக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் இல்லை. ஒரு பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் கத்தி அழுதிருக்கிறது, என்னை அடித்திருக்கிறது, அது எனக்குள் போய்ச் சேரவே இல்லை. அவள் அதை இருபத்தைந்து வருஷம் சேர்த்து வைத்திருந்து, அந்த முதுகை எலும்பு எலும்பாக எழுதியிருக்கிறாள். இந்தப் பிள்ளையை நினைத்து எனக்குப் பிரமிப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

தொழில் பேச்சுக்கு வந்தேன். அதெல்லாம் சரி ஏளா, அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் காரணம் சொல்லு, எவ்வளவு வெட்டினால்தான் உன் ஆள் சாவான் என்று கேட்டேன்.

"சாவ மாட்டான் மாமா," என்றாள், கணக்குச் சொல்வது போல. "எத்தன வெட்டு வெட்டினாலும் சாவ மாட்டான். அப்பா மேல வாரது வரைக்கும் அவன் சாவ மாட்டான்."

என்ன சொன்னோம் என்பதை அவள் கவனிக்கவில்லை. ஈட்டிக்காரன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. அந்தக் காரணத்தை ஒத்துக்கொண்டேன்.